ஃபாலோ அப் பண்றேன்

டிசம்பர் 9, செவ்வாய்

அசெம்பிளி லைன் மஞ்சுளா இன்று மத்தியானம் ஷிஃப்ட் தொடங்குமுன் மறுபடி என் மேஜைக்கு வந்தாள். மூன்று வாரமாகக் கேட்கிறாள், பகல் ஷிஃப்ட்டுக்கு மாற்றச் சொல்லி. இரண்டாவது ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ் அவளைத் தேன்கனிக்கோட்டை தாண்டி ரோட்டில் இறக்கிவிடும்போது மணி பதினொன்றரை. அங்கிருந்து ராகிக் கொல்லை ஓரமாகத் தனியாக நடக்க வேண்டும். ராகி முற்றியதிலிருந்து காட்டிலிருந்து யானை இறங்குகிறது.

"ஃபாலோ அப் பண்றேன்மா" என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பியிருந்தேன். ஹெச்ஆரில் சேர்ந்த நாளிலிருந்து எல்லாவற்றுக்கும் அதுதான் என் பதில். கேன்டீன் சாம்பாருக்கும் அதுதான், உடைந்த லாக்கருக்கும் அதுதான். சொன்னதும் வந்தவர்கள் போய்விடுவார்கள். எனக்கும் வேலை முடிந்த மாதிரி இருக்கும்.

இன்று நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள். "ஃபாலோ அப் வேணாங்க மேடம். முடியாதுன்னா முடியாதுன்னே சொல்லிடுங்க, நான் வேலைய விட்டுடறேன். நேத்து வேலியாண்ட ஆனை நின்னுட்டிருந்துச்சு." குரலில் கோபமே இல்லை. அதுதான் மனசை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

"இன்னிக்கே மேனேஜர்கிட்ட பேசிடறேன்" என்றேன். அவர் மீட்டிங்கில் இருந்தார். ஐந்தரைக்கு என் பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

இப்போது மணி பதினொன்று நாற்பது. நடந்துகொண்டிருப்பாள். வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாளா என்று கேட்கலாமென்று போனை எடுத்தேன். மூன்று வாரமாக ஃபாலோ அப் செய்கிறேன். அவள் நம்பர்கூட என்னிடம் இல்லை.