ஆஸ்ராமாவுக்குப் போன அப்பாவு மகன்

நவம்பர் 9, ஞாயிறு

காலையில் பள்ளி வேனைக் கழுவினோம். நாம் என்றால் நாமும் நம் இரண்டு கைகளும். சிம்பாங் பூலாய் மக்கள் திரண்டு வந்து வேடிக்கை பார்த்தார்கள் என்று எழுத ஆசை. பார்த்தது ஒரு பூனை.

பிறகு கோயில். அங்கே கனகராஜ். தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் சங்கத் தலைவர். இன்சூரன்ஸ் விற்கிற வாய். அது திறந்தால் கிந்தா ஆறு பயந்து திரும்பி மலைக்கே ஓடும்.

“என்னாண்ணே, ஒங்க ஷாமினிக்கும் ஆஸ்ராமா கேட்டிருக்கீங்களாமே?”

“ஆமாலா.”

“வேன் ஓட்டுற வீட்டுப் புள்ளைக்கு ஆஸ்ராமா எதுக்குண்ணே? பொம்பளப்புள்ள வேற. இங்கயே பக்கத்துல படிக்கட்டும்லா.”

கனகராஜும் பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள். நாமும் சிரித்தோம். அதுதான் இன்னும் எரிகிறது. நான் ஏன் சிரித்தேன்?

ஷாமினி என் தங்கை விமலாவின் மகள். ஆறாம் ஆண்டு. அவள் அப்பா கேமரன் மலைக் காய்கறி லாரி ஓட்டுகிறார், வீட்டில் அவரைப் பார்ப்பது வால்நட்சத்திரத்தைப் பார்ப்பது மாதிரி. அரசாங்க ஆஸ்ராமா பள்ளி, அங்கேயே தங்கிப் படிப்பது, பொறுக்கி எடுத்துத்தான் சேர்ப்பார்கள். நுழைவுத் தேர்வு எழுதிவிட்டாள். புறப்பாட நடவடிக்கைக்கும் புள்ளி உண்டு. மாவட்ட அறிவியல் போட்டியில் முதலாவதாக வந்தவள் அவள். மாநிலப் போட்டிக்குப் போனது யார்? கனகராஜின் மகன் ஷர்வின். ‘வெளியூர்ல தங்கணும், பொம்பளப்புள்ளய யாரு பாத்துக்குவா’ என்று கூட்டத்தில் பேசியே மாற்றிவிட்டான் மனிதன்.

ஆகவே, பத்துமலையாகிய நாம், பூனை சாட்சியாகச் சபதம் செய்கிறோம். அந்தச் சிரிப்பைப் பிடுங்கும்வரை நம் மீசையில் கத்தரி படாது.

நவம்பர் 15, சனி

அவன் கார் டயரில் காற்றை இறக்கலாமா என்று யோசித்தோம். சீ. அது சில்லறைப் பழி. நம் பழி ஈப்போவில் கடைசிக் குகை இடியும்வரை பேசப்பட வேண்டும்.

நவம்பர் 23

மீசை தேநீரில் நனைகிறது.

டிசம்பர் 8, திங்கள்

முடிவு வந்துவிட்டது. விமலா கையுறைத் தொழிற்சாலையில் வேலையில் இருந்தாள். வேனுக்குள் உட்கார்ந்து போனில் ஷாமினியின் அடையாள அட்டை எண்ணைத் தட்டியது நான்தான்.

‘டுக்காசித்தா’ என்று ஆரம்பித்தது. வருந்துகிறார்களாம். மேலே படிக்கத் தேவையில்லை.

ஷாமினி பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். “இன்னொரு தடவ அமுக்கிப் பாருங்க மாமா. லைன் சரியில்ல போல.”

அமுக்கினேன்.

“இன்னொரு தடவ.”

அவர்கள் மறுபடி வருந்தினார்கள்.

ஷர்வினுக்குக் கிடைத்துவிட்டது. ஜொகூர் பக்கம் ஒரு பள்ளி. கனகராஜ் வாட்சாப்பில் மகன் படத்தைச் சுற்றி ரோஜாப்பூவாகப் போட்டிருக்கிறான். அந்தப் பூவையெல்லாம் அவன் வாயில் திணித்துத் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

டிசம்பர் 10

தினேஸ்வரி டீச்சரைப் பார்த்தேன். ஷாமினியின் வகுப்பாசிரியை.

“மனச விட்றாதீங்கண்ணே. ஜனவரியில ரெண்டாவது தடவ எடுப்பாங்க. வேணாம்னு சொல்ற புள்ளைங்க எடம் காலியாவும்லா.”

காலியாகும். ஆமாம். ஆனால் ஒரு இடம் தானாக ஏன் காலியாக வேண்டும்? நாம் எதற்கு இருக்கிறோம்?

டிசம்பர் 12, வெள்ளி

வரலாறு குறித்துக்கொள்ளட்டும். இன்று போர் தொடங்கியது.

கனகராஜின் மனைவி கலாதேவி பள்ளி வாசலில் மகனுக்காகக் குடையோடு நின்றாள். வெயிலும் இல்லை, மழையும் இல்லை. அந்தப் பையன் தும்மினால் ஆம்புலன்ஸைக் கூப்பிடுகிற தாய் அவள். பக்கத்தில் போய் நின்றோம்.

“தம்பி ஜொகூருக்குப் போறாராமே. சந்தோசம்மா.” சொல்லிவிட்டு ஒரு பெருமூச்சு விட்டோம். தஞ்சோங் ரம்புத்தான் ஊர்வரை மரமெல்லாம் ஆடியிருக்கும்.

“ஏண்ணே மூச்சு விடுறீங்க?”

“ஒண்ணுமில்லம்மா. அப்பாவு மகன் ஞாபகம் வந்துருச்சு.”

“எந்த அப்பாவு?”

“சித்தியவான் அப்பாவு. நம்ம கூட்டாளி. அவர் மகனும் இப்படித்தான் ஆஸ்ராமா கெடச்சுப் போனான். தங்கமான பையன். பெரிய வகுப்புப் பசங்க இருக்கானுங்கல்ல… சரி விடுங்க, எதுக்கு நல்ல நேரத்துல.”

“சொல்லுங்கண்ணே!”

“அடிச்சிருக்கானுங்கம்மா. வெளிய சொன்னா இன்னும் அடிப்போம்னு மெரட்டியிருக்கானுங்க. லீவுக்கு வந்தவன் வாயத் தொறக்கல. இப்பல்லாம் சாப்பாட்டு மேசைக்கு அடியில உக்காந்துதான் சாப்புடுறான்.”

“மேசைக்கு அடியிலயா?”

“அடியில. தட்டக் கீழதான் நீட்டணும்.”

குடை அவள் கையிலிருந்து நழுவியது.

சித்தியவானில் அப்பாவு என்று யாரையும் நமக்குத் தெரியாது. அந்த ஊரில் நமக்குத் தெரிந்தது ஒரு பிஸ்கட் கடை.

டிசம்பர் 18, வியாழன்

ரொட்டி சானாய் கடையில் ஒரு பெரியவர் நம்மிடமே வந்து சொல்கிறார். அப்பாவு மகனுக்கு ஒரு காது கேட்காதாம். அவன் அம்மா படுத்த படுக்கையாம்.

நாம் காதைத் தொடவேயில்லை. அம்மாவைப் பற்றி மூச்சு விடவில்லை. கதை தன் காலில் நடக்கிறது, நமக்கு வணக்கம்கூடச் சொல்லாமல் நம்மைத் தாண்டிப் போகிறது. பெருமையாக இருந்தது. இன்னொரு ரொட்டி சொன்னோம்.

டிசம்பர் 27, சனி

கனகராஜ் வீட்டில் கலாதேவி சாப்பிடவில்லையாம். மகனைக் கட்டிக்கொண்டு அறைக் கதவைப் பூட்டிக்கொண்டாளாம். கனகராஜ் வெளியே நின்று சங்கத் தலைவர் குரலில் ஒரு மணி நேரம் பேசியும் கதவு திறக்கவில்லையாம்.

இடத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

டிசம்பர் 28, ஞாயிறு

மீசை வெட்டப்பட்டது. யானை இல்லாததால் வேனிலேயே நகர்வலம் வந்தோம். கோயிலில் கனகராஜ் தூணோரமாக நின்றான். யாரும் எதுவும் கேட்கவில்லை. நாம் மட்டும் போய்க் கேட்டோம். “என்னா தம்பி, ஜொகூருக்கு எப்பக் கெளம்புறது?”

ஆகா. அந்த முகம்! சட்டம் போட்டு வேனில் மாட்ட வேண்டிய முகம்.

ஜனவரி 3, சனி

கனகராஜ் வீட்டுக்கு வந்தான். சண்டைக்குத்தான் என்று கையில் ஸ்பானரை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். அவன் கையில் இரண்டு தம்பூன் பொமேலோப் பழம்.

“அண்ணே, அன்னிக்குக் கோயில்ல நான் பேசுனது தப்பு. நீங்க மட்டும் அந்தப் பையனப் பத்திச் சொல்லலன்னா எம்புள்ளய நானே கொண்டுபோய்த் தள்ளியிருப்பேன்.” கண்ணைத் துடைத்துக்கொண்டான். “இனிமே இடைநிலைப்பள்ளி, பார்ம் ஒண்ணு. ஷர்வினும் ஷாமினி போற பள்ளிக்கூடம்தான். ஒங்க வேன்ல ஒரு எடம் குடுங்கண்ணே. நீங்க ஓட்டுனா எனக்குப் பயமில்ல.”

பழி வாங்கப்பட்டவன் நன்றி சொல்கிறான்! இது எந்த ஊர் நியாயம்? திட்டுவான் என்று எத்தனை பதில் தயார் செய்து வைத்திருந்தேன். எல்லாம் வீண்.

பொமேலோ நல்ல இனிப்பு. அது வேறு விஷயம்.

ஜனவரி 12, திங்கள்

இடைநிலைப்பள்ளி முதல் நாள். ஷாமினி என் பக்கத்து இருக்கையில். அது எப்போதும் அவள் இடம். ஷர்வின் பின்னால்.

“இன்னும் ரெண்டாவது எடுப்பு இருக்குல்ல மாமா?” என்று காதருகில் கேட்டாள்.

“இருக்கு. மந்திரி வந்து வாசல்ல நின்னு கூப்புடுவாரு பாரு.”

“மந்திரி வேணாம். லைன் சரியா இருந்தாப் போதும்.”

ஜனவரி 27, செவ்வாய்

கிடைத்துவிட்டது!!!

அதே ஜொகூர் பள்ளி! வேனை ஓரங்கட்டி ஹார்னை அழுத்தினேன். கோலாலம்பூரில் கோபுரம் ஆடியிருக்கும். குனோங் ராப்பாட் ஊர் முழுவதும் திட்டியது. திட்டட்டும். ஷாமினி சிரிக்கவில்லை, அழவில்லை. “பால்குடம் எடுக்கணும் மாமா. எடம் கெடச்சா இந்தப் பூசத்துக்கு எடுக்கறேன்னு வேண்டிக்கிட்டேன்,” என்றாள்.

நம் போர்த்திறமையால் காலியான இடம் என்று தினேஸ்வரி டீச்சரிடம் மறைமுகமாகப் பெருமை அடித்துக்கொண்டேன். டீச்சர் சிரித்தார். “பையன் எடம் பையனுக்குத்தாண்ணே போவும். பொம்பளப்புள்ளைங்களுக்குத் தனிக் கணக்கு. ஷாமினி எப்படியும் அடுத்த வரிசையில இருந்துருப்பா.”

எப்படியுமா?

சரி. கிடைத்ததே, அது போதும்.

ஜனவரி 28, புதன்

விமலா அனுப்ப மாட்டாளாம்.

நேற்று ஒன்றும் சொல்லவில்லை. இன்று வேலையிலிருந்து வந்து கையுறைப் பொடி அப்பிய கையோடு உட்கார்ந்து சொல்கிறாள். “வேணாண்ணே. அவ இங்கயே படிக்கட்டும்.”

“பைத்தியமா ஒனக்கு? ஊரே ஏங்குது அந்த எடத்துக்கு!”

“ஒனக்குத் தெரியாதா? சித்தியவான்ல ஒரு பையன். எங்க பேக்டரி லைன் லீடர் அக்கா அவன நேர்ல பாத்துருக்காங்க. மேசைக்கு அடியில உக்காந்துதான் சாப்புடுறானாம். சொல்லும்போதே அழுதுட்டாங்க. ஆம்பளப்புள்ளைக்கே இந்தக் கதின்னா…”

நேரில் பார்த்தாளா? யாரைப் பார்த்தாள்? கடவுளே, எந்த மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தாள்?

மச்சானுக்குப் போன் போட்டேன். மலைப்பாதையில் லாரி இரைச்சலுக்கு நடுவே, “விமலா சொன்னாச் சரிதான் மச்சான்,” என்றார்.

ஜனவரி 29, வியாழன்

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும்.

“விமலா, அந்தப் பையனே கெடையாது. அப்பாவுன்னு ஆளே இல்ல. கனகராஜ் அன்னிக்குச் சிரிச்சான்ல, அந்தக் கோவத்துல நான் கட்டிவிட்ட கதை. அந்தப் பையனப் பெத்ததே நாந்தான்!”

என்னையே பார்த்தாள். “எம்மவ போவணும்னு இப்படியெல்லாம் பொய் சொல்லாதண்ணே.”

“இது பொய் இல்லலா! அதுதான் பொய்!”

“லைன் லீடர் அக்கா பொய் சொல்றாங்களா? அந்த ரொட்டிக்கடைத் தாத்தா பொய்யா? கலாதேவி அவ்வளவு படிச்ச பொண்ணு, அதுவும் பொய்யா?”

“கற்பூரம் கொண்டா. அடிச்சு சத்தியம் பண்றேன்.”

“சாமிகிட்ட வெளையாடாதே.” என் கையைப் பிடித்துக்கொண்டாள். “ஒரு புள்ள அடிபட்டுக் கெடக்குறான்னு சொல்லி யாராச்சும் வெளையாடுவாங்களா? ஒனக்கு வாய் நீளம்தான். அதுக்காக நீ அவ்வளவு கெட்டவன் இல்லண்ணே.”

நான் அவ்வளவு கெட்டவன்தான் என்று நிரூபிக்கச் சாட்சிக்கு யாரைக் கூப்பிடுவேன்?

ஷாமினி அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். “மாமா செஞ்சிருப்பாங்கம்மா,” என்றாள். சத்தம் போடவில்லை. நேற்று என்ன கறி என்று சொல்வது போலச் சொன்னாள்.

“நீ உள்ள போ,” என்றாள் விமலா.

போனாள்.

ஜனவரி 30

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், தொழிற்சாலைக் கேன்டீனில் உட்கார்ந்து, விமலா போனில் ‘தோலாக்’ அமுக்கிவிட்டாள். வேண்டாம் என்பதற்கு ஒரு பொத்தான், அவ்வளவுதான்.

பிப்ரவரி 1, ஞாயிறு. தைப்பூசம்

ஷாமினி பால்குடம் எடுத்தாள்.

விமலா தடுத்துப் பார்த்தாள். “அதான் போவலியேம்மா, எதுக்கு இப்ப?”

“போனா எடுக்கறேன்னு வேண்டலம்மா. கெடச்சா எடுக்கறேன்னுதான் வேண்டுனேன். முருகன் குடுத்துட்டாருல்ல.”

மஞ்சள் பாவாடை சட்டை. குனோங் சிரோ மலையடிவாரக் கோயில் வரை வெயிலில் நடந்தாள். அவள் அப்பா லாரியை நிறுத்திவிட்டு வந்து கூடவே போனார். நான் கொஞ்சம் பின்னால் தண்ணீர்ப் போத்தலோடு நடந்தேன். தாகம் எடுத்தபோது அவள் மோர்ப் பந்தலில் நின்று யாரோ கொடுத்ததை வாங்கிக் குடித்தாள்.

அங்கே கனகராஜும் இருந்தான். “பாவம், ரொம்ப ஆசப்பட்டுச்சுல்ல பாப்பா?” என்றான். சிரிப்பு இல்லை அவன் முகத்தில். நிஜமாகவே வருத்தம். அவனைக் கன்னத்தில் அறைய வேண்டும் போல் இருந்தது. எதற்கு என்றுதான் தெரியவில்லை.

பிப்ரவரி 3, செவ்வாய்

பூச விடுமுறை முடிந்து பள்ளி. ஷாமினி வேனின் முன்கதவைத் தாண்டிப் போய்ப் பின்கதவைத் திறந்தாள். கடைசி வரிசையில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். முன்னிருக்கை காலியாக வந்தது. பிறகு ஷர்வின், “அங்கிள், நான் முன்னாடி உக்காரட்டா?” என்றான். உட்கார் என்றேன்.

வழியெல்லாம் பையன் பேசிக்கொண்டே வந்தான். அப்பாவு மகனுக்கு இப்போது எப்படி இருக்கிறது என்று கலாதேவி கேட்கச் சொன்னாளாம். கோயிலில் அவன் பெயருக்கு அர்ச்சனை செய்ய நட்சத்திரம் வேண்டுமாம்.

கண்ணாடியில் பார்த்தேன். ஷாமினி வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தெரியல தம்பி,” என்றேன்.

பள்ளி வாசலில் பிள்ளைகள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். அவள் கடைசி. மற்றப் பிள்ளைகள் சொல்கிற மாதிரியே சொன்னாள்.

“தேங்கியூ அங்கிள்.”

கதவை ஓங்கிச் சாத்தியிருக்கலாம். மெதுவாகத்தான் சாத்தினாள்.