இரண்டாவது அடி

இன்று காலை தெருமுனையில் பழைய பேப்பரைக் கொளுத்தி மேளத்தோலைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். யார் வீட்டுச் சாவோ தெரியவில்லை. அந்தச் சூடான தோல் வாசனை மூக்கில் ஏறியதும் உன் நினைவு வந்துவிட்டது. பால் வாங்கப் போனவன் வாங்காமலே திரும்பிவிட்டேன். மார்கழிப் பனியில் தொய்ந்துபோன பள்ளிக்கூட டிரம்களை மைதானத்து மூலையில் நீ இப்படித்தான் காய்ச்சுவாய், "ரொம்பக் கிட்ட காட்டாதடா, கிழிஞ்சிடும்" என்று என்னைத் திட்டிக்கொண்டே.

எழுபதுகளின் தொடக்கம். அந்தக் காஞ்சிபுரம் பள்ளியில் நீ கணக்கு வாத்தியார், நான் பூகோளம். இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. ஒரே அறை, ஒரே சைக்கிள். மெட்ராஸில் ஏதோ பழைய கடையில் பிடித்த இங்கிலீஷ் இசைத்தட்டு ஒன்றைக் கொண்டுவந்தாய். அதிலிருந்த கிறிஸ்துமஸ் ராக் பாட்டை நம் பையன்களின் டிரம் குழுவுக்கு ஏற்றியே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றாய். குடியரசு தினத்துக்கு லெப்ட் ரைட் போடுகிற குழு அது. ஒரு பெரிய டிரம், சில சைடு டிரம்கள், ஜால்ரா, முக்கோணக் கம்பி. மெட்டுக்கு எங்கே போவது? விடுதிச் சமையலறையிலிருந்து பீங்கான் கிண்ணங்களைத் தூக்கிவந்து ஜலதரங்கம்போல் தண்ணீர் ஊற்றி வரிசையாக வைத்தாய். தலைமையாசிரியர் எட்டிப் பார்த்து, "இன்னாய்யா, ஓட்டல் வெக்கப் போறியா?" என்றார்.

சிக்கல் மெட்டில் இல்லை, அடியில். நாலு அடிச் சுற்றில் இரண்டாவது அடியும் நாலாவது அடியும்தான் அந்தப் பாட்டுக்கு உயிர் என்றாய். பஜனையில் தட்டிப் பழகிய நம் பையன்களின் கையோ முதல் அடியில்தான் போய் விழும். சொல்லிச் சொல்லி உன் தொண்டை கட்டியதுதான் மிச்சம். ஒருநாள் குச்சியைக் கீழே வைத்துவிட்டு, சைடு டிரம் அடிக்கிற தறிக்காரர் மகன் ஒருவனைக் கூப்பிட்டாய். வீட்டில் அப்பாவோடு தறியில் உட்கார்ந்து, நூல் ஓட்டும் நாடாவைக் கரைப் பக்கம் தள்ளுகிறவன்.

"ஊட்ல உங்கப்பா சேலை உடலுக்கு நாடா வுட்டப்புறம்தான நீ கரைக்கு வுடுவ?"

"ஆமா சார்."

"அவருக்கு முன்னாடி வுட்டா?"

"மண்டைல போடுவாரு சார்."

"அப்ப பெரிய டிரம்தான் உங்கப்பா. அது அடிக்கிற வரைக்கும் காத்துக்கினு இரு."

அன்று சாயங்காலமே அடி சரியாக விழுந்தது. பையன்கள் எதிரில், வெட்கமில்லாமல், மைதானத்தில் ஆடினாய்.

ஆடும்போதே உனக்கு மூச்சு வாங்கியது. சின்ன வயதுக் காய்ச்சலில் கெட்டுப்போன இதயம் என்று பிறகுதான் டாக்டர் சொன்னார். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முந்தின பள்ளி விழா நெருங்கும்போது நீ ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தாய். "எனக்கு ஒண்ணும் வேணாம்பா. ஊர் எதிர்ல ஒரு தபா அந்த ரெண்டாவது அடி சரியா வுழணும். அத்த வந்து சொல்லு, போதும்" என்றாய்.

விடுமுறை விடுகிற நாள். பக்கத்து ஐயம்பேட்டையிலிருந்தெல்லாம் தறிக்காரக் குடும்பங்கள் வந்திருந்தன. கிண்ணங்கள் மெட்டைப் பிடித்தன. சைடு டிரம் காத்திருந்து, காத்திருந்து, இரண்டில் விழுந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அப்போதுதான் முன்வரிசை அப்பாக்கள் சந்தோஷம் தாங்காமல் கைதட்ட ஆரம்பித்தார்கள். பஜனைத் தட்டு, முதல் அடியில். கூட்டமே சேர்ந்துகொண்டது. பிள்ளைகள் பெரிய டிரம்மை மறந்து அப்பாக்களின் கையைப் பார்த்தார்கள். மேடையோரம் நின்று நான் தலையை ஆட்டினேன், காலை உதைத்தேன், யார் பார்த்தார்கள்? ஒவ்வொருவனாக முதல் அடிக்கு வழுக்கினான். பாட்டு முடிந்தும் கைதட்டல் ஓயவில்லை. என்னால்தான் தட்ட முடியவில்லை.

நேரே உன்னிடம் வந்தேன்.

"வுழுந்துதா?"

பொய் சொல்லிவிடலாம் என்று வழியெல்லாம் நினைத்திருந்தேன். உன் முகத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லை. "இல்லடா. அப்பனுங்க கைதட்டி இஸ்துக்கினு போயிட்டானுங்க."

கண்ணை மூடிக்கொண்டாய். அழுகிறாய் என்றுதான் பயந்தேன். பார்த்தால் வயிறு குலுங்கச் சிரிக்கிறாய். "அடுத்த வருசம் கூட்டத்துக்கும் பிராக்டிஸ் குடுத்துடலாம்டா."

பொங்கல்கூட வரவில்லை, போய்விட்டாய். அப்படி என்ன அவசரம் உனக்கு? அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. அடுத்த டிசம்பரில் பையன்கள் வந்து கேட்டபோது, பூகோள வாத்தியாருக்கு அதெல்லாம் தெரியாது என்று அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

கல்யாணமோ பஜனையோ, இன்றும் ஊரே கைதட்டும்போது என் கை ஓர் அடி காத்திருந்துதான் விழுகிறது. பக்கத்தில் இருப்பவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். "மாமா, தாளம் தப்புது" என்கிறாள் மருமகள். தப்பவில்லை என்று சொல்ல எனக்கு நீ ஒருவன்தான் இருந்தாய்.