நாலு மூலையிலும் மஞ்சள் வைத்த புரோச்சர்

அவிநாசிபாளையம்
14.10.2007

அன்பு மகள் கோகிலவாணிக்கு அம்மா எழுதுவது. மெல்போர்னில் நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருக்க அங்காளம்மன் துணை இருக்கட்டும். இங்கே உடம்புக்கு எல்லோருக்கும் சௌகரியம்தான், மனசுதான் ஓரிடத்தில் நிற்க மாட்டேன் என்கிறது. போனில் சொல்லலாம் என்று இரண்டு தடவை எடுத்தேன், உன் அப்பா பக்கத்திலேயே நின்றுகொண்டு, எல்லாம் நல்லா இருக்குதுன்னு சொல்லு என்று கையைக் காட்டுகிறார், நானும் அதையே சொல்லி வைத்துவிட்டேன். பக்கத்து வீட்டுப் பூவாத்தாள் மகன் வெள்ளிக்கிழமை உங்கள் ஊருக்குத்தான் விமானம் ஏறுகிறான், அவன் கையில் இதையும் ஒரு பொட்டலத்தையும் கொடுத்து விடுகிறேன். கடிதத்தைப் படித்துவிட்டுப் பொட்டலத்தைப் பிரி.

நாம் இத்தனை வருஷமாக யாருக்குக் குழந்தைத் துணி தைத்துக் கொடுத்தோமோ அந்த எக்ஸ்போர்ட் கம்பெனிக்காரர், டாலர் விழுந்துவிட்டது என்று சொல்லி ஆவணியோடு ஆர்டரை நிறுத்திவிட்டார். அவரை நம்பியே இருந்துவிட்டதால் வேறு யாரையும் நமக்குத் தெரியாது, நம்மையும் யாருக்கும் தெரியாது. நாமாக நேரே ஒரு ஆர்டர் பிடிக்காவிட்டால் தீபாவளியோடு கம்பெனியைப் பூட்ட வேண்டியதுதான். செக்கிங் டேபிளில் இருக்கிறாளே சாத்தூர்க்காரி செல்லத்தாய், அவள் என்னிடம் வந்து, யக்கா, தீவாளிக்கு ஊருக்குப் போயிட்டுத் திரும்பி வரணுமா, இல்ல சட்டிபானையெல்லாம் மூட்ட கட்டிட்டே போயிரவா என்று கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால்கூடப் பதில் சொல்லியிருப்பேன். டீ குடிச்சியா என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிட்டேன்.

அதனால்தான் வெளிநாட்டு வியாபாரிகள் வருகிற பனியன் கண்காட்சியில் ஒரு ஸ்டால் எடுத்தார் அப்பா, அதற்குத்தான் புரோச்சர் அடித்தோம். எதற்கு என்று சொல்லாமல் புரோச்சர் அடிக்கிறோம் என்று மட்டும் போனில் சொன்ன அன்றைக்கே நீ சொன்னாய், முதல் பக்கத்தில் ஒரே ஒரு குழந்தைத் துணி பெரிதாக இருக்கட்டும், உள்ளே என்னென்ன தைப்போம், எத்தனை நாளில் தருவோம், பின்னால் போன் நம்பர், எழுத்தைக் குறைங்கம்மா என்று. நானும் அப்படியே ஒப்பித்தேன். அப்பா கொண்டுபோய் ராசப்பன் பிரஸ்ஸில் கொடுத்தார், உன் கல்யாணப் பத்திரிகை அடித்த அதே ராசப்பன், அவனுக்கு வேறு எதுவும் அடித்துப் பழக்கமில்லை. அங்கே உன் பெரியப்பா பெருமாள்சாமி வந்து உட்கார்ந்து, ஏந்தம்பி, நம்மய்யன் போட்டோ இல்லாமப் பொஸ்தகமா என்றார். ஷெட் நிற்பது அவர் நிலத்தில், உன் அப்பாவுக்கு அவரிடம் வேண்டாம் என்று சொல்ல வாய் என்றைக்கு வந்தது? முதல் பக்கத்தில் உன் தாத்தா படம் ஏறியது, அப்புறம் பெரியப்பா படம், அப்பா படம், என் அண்ணன் கோபித்துக்கொள்ளக் கூடாதென்று அவர் படம், பின்பக்கத்தில் பங்காளிகள் பெயர் எல்லாம் வரிசையாக. உள்ளே திறந்தால் போன வருஷ ஆயுத பூஜைக்கு மாலை போட்டு நிற்கிற மெஷின்கள். துணி எங்கீங்க என்று கேட்டேன். அதுதே ஸ்டால்ல தொங்குமல்ல என்கிறார் உன் அப்பா.

கடைசியில் ராசப்பன், வெளிநாட்டுக்காரங்க கூப்பிட்டா யாருங்க பேசுவீங்க, அந்த நெம்பரக் குடுங்க என்றான். அங்கே இருந்த யாருக்கும் இங்கிலீஷ் வராது. அப்பாவுக்கு ஓகே சார், டுமாரோ சார் என்பதோடு இங்கிலீஷ் முடிந்துவிடும். நான் உன் நம்பரைக் கொடுத்தேன். கட்டிக் குடுத்த புள்ள நெம்பரு நம்ம கம்பெனிக்கு எதுக்கு என்று பெரியப்பா இழுத்தார், அப்ப நீங்களே பேசுங்க மாமா என்றேன், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். உன்னைக் கேட்க நேரமில்லை கண்ணு, கேட்டாலும் மாப்பிள்ளை வீட்டில் என்ன நினைப்பார்களோ என்று நீ தயங்குவாய்.

இதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. கட்டுக்கட்டாக வீட்டுக்கு வந்ததும் அப்பா, நல்ல காரியம் என்று மஞ்சளைக் குழைத்து வைத்தார், எல்லோரும் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் நாலு மூலையிலும் தொட்டு வைத்தோம். நானும்தான் வைத்தேன், பார்க்கக் கல்யாணப் பத்திரிகை மாதிரியே இருந்ததா, கை தானாகப் போய்விட்டது. கண்காட்சியில் வாங்கிப் பார்த்த நம் ஊர்க்காரர் ஒருவர், முகூர்த்தம் எப்பங்க என்று கேட்டார். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

கடைசி நாள் மத்தியானம் ஒரு வெள்ளைக்காரம்மா வந்தார். புரோச்சரைத் திருப்பித் திருப்பித் தேடினார், ஒன்றும் கிடைக்காமல் ஸ்டாலில் தொங்கிய வெள்ளைக் குழந்தைச் சட்டையை எடுத்துக் கழுத்தை இழுத்துப் பார்த்தார், உள்ளே திருப்பித் தையலைத் தடவினார். இத்தனை நாளில் துணியைத் தொட்டுப் பார்த்தது அவர் ஒருவர்தான். அவர் கையை எடுத்தால் வெள்ளைச் சட்டை முழுக்க மஞ்சள் விரல் தடம். தன் விரலைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். அப்பா சாமி முன்னால் நிற்கிற மாதிரி கை கூப்பிவிட்டார். அந்த அம்மா நிறையப் பேசினார், முதலில் கோபம் மாதிரி இருந்தது, நடுவில் சிரித்தார், பிறகு ஏதோ கேட்டுவிட்டுப் பதிலுக்காக நின்றார். பேபி என்ற ஒரு சொல்தான் எனக்குப் புரிந்தது. பக்கத்து ஸ்டால்காரர்களும் சாப்பிடப் போயிருந்தார்கள். ஓகே மேடம் என்றார் அப்பா. அந்த அம்மா உன் நம்பரைப் பேனாவால் வட்டம் போட்டு, புரோச்சரைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். அன்றிலிருந்து டீ குடிக்க உட்கார்ந்தால் போதும், அந்தம்மா என்ன சொல்லீருக்கும் மயிலா என்று அப்பா என்னைக் கேட்கிறார். எனக்கு மட்டும் என்ன தெரியும்? அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை கண்ணு.

பொட்டலத்தில் ஒரு புரோச்சரும் அதே வெள்ளைச் சட்டையும் வைத்திருக்கிறேன். சோப்புப் போட்டதும் கறை சிவப்பாக மாறிவிட்டது, பதறிப் போனேன், வெயிலில் காயப்போட்டு எடுத்ததில் சுத்தமாகப் போய்விட்டது. கழுத்து தொளதொளக்கவில்லை, ஒரு தையல் விடவில்லை, நீயே இழுத்துப் பார். முதல் பக்கத்தில் போட்டிருக்க வேண்டியது இதைத்தான். அந்த அம்மா கூப்பிட்டால் இதைச் சொல். நீங்கள் யார் என்று கேட்டால், எனக்குக் கல்யாணமாகிவிட்டது, அந்தக் கம்பெனிக்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்று மட்டும் சொல்லிவிடாதே. எங்க கம்பெனி என்று சொல். பின்பக்கத்து வரிசையில் என் பெயரும் இல்லை, உன் பெயரும் இல்லை, பார்த்துக்கொள், உன் நம்பர் ஒன்றுதான் இருக்கிறது.

குளிர் ஊர் என்கிறார்கள், வெறும் தலையோடு வெளியே போகாதே. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் அனுசரணையாக நீடூழி வாழ வேண்டும். போனை மட்டும் அணைத்து வைக்காதே. அந்த அம்மா என்ன சொன்னாலும் முதலில் எனக்குச் சொல். நல்ல சேதியாக இருந்தால் போனை அப்பா கையில் கொடுக்கிறேன். இல்லாவிட்டால், எல்லாம் நல்லா இருக்குதுன்னு புள்ள சொல்லுச்சுங்க என்று அவரிடம் சொல்லி வைத்துவிடுகிறேன்.

உன் அம்மா
மயிலாத்தாள்