நேரலையில் வந்த கேள்வி

பாகலூர்,
வியாழன், மதியம்

அன்பு மச்சானுக்கு ஷாகிரா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். மாமிக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. அங்கே தம்மாமில் வெயில் கடுமை என்றார்கள், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஃபோன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். என் ஃபோன் ஒரு வாரமாக உங்கள் அண்ணனிடம் இருக்கிறது. கம்பெனி கேன்டீனில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

நம் பள்ளிவாசலுக்குப் புதிதாக வந்த ஹஜ்ரத், ஞாயிறுதோறும் பெண்களுக்காக யூடியூபில் நேரலையாக மார்க்கப் பயான் செய்துவந்தார். பெயர் சொல்லாமல் கேள்வி அனுப்பலாம். நேரில் கேட்கக் கூச்சப்பட்டதையெல்லாம் பெண்கள் கேட்டார்கள். ஐந்து மாதம் யாருக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. உங்கள் அண்ணனே எல்லோருக்கும் லிங்க் அனுப்புவார்.

போன ஞாயிறுக்கு முந்தின ஞாயிறு ஒரு கேள்வி வந்தது. “புருஷன் சவூதி போயி நாலு வருசம் ஆச்சு. வரச் சொன்னா லீவு இல்லைங்கறாரு. எனக்கு என்ன உரிமை இருக்குது?” மனைவியின் சம்மதம் இல்லாமல் அவ்வளவு காலம் விலகியிருப்பது அநியாயம், ஜமாஅத் அந்தக் கணவனை விசாரிக்க வேண்டும் என்று ஹஜ்ரத் சொன்னார்.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும், ஜமாஅத் செயலாளர் என்ற முறையில் உங்கள் அண்ணன் பேசியது மைக்கில் நம் வீடுவரை கேட்டது. “நபி காலத்துல இல்லாத இந்த லைவு பித்அத், மார்க்கத்துல ஆகாத புதுமை. இனிமே நம்ம பள்ளியில வேணாம்.” அதற்கு ஹஜ்ரத், “வணக்கத்துல புதுசா சேர்த்தாத்தாங்க பித்அத். இது சொல்றதுக்கு ஒரு கருவி. உங்க கையில இருக்கற மைக்கும் அப்படித்தானே?” என்றாராம். நேரலை நின்றுவிட்டது. ரமலானுக்கு முன் ஹஜ்ரத்தை மாற்றிவிடுவார்கள் என்கிறார்கள்.

மறைக்காமல் சொல்கிறேன். எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று ஹஜ்ரத் ஓரக்கண்ணால் பார்ப்பது எனக்கும் உறுத்தியதுதான். மார்க்கம் சொல்கிறாரா, பேர் தேடுகிறாரா என்று சந்தேகப்பட்டிருக்கிறேன். ஆனால் ஐந்து மாதம் பித்அத்தாக இல்லாதது அந்த ஒரு கேள்விக்குப் பிறகு எப்படி ஆனது?

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலமே அண்ணன், “ஃபோனக் குடும்மா, கொஞ்ச நாளு எங்கிட்ட இருக்கட்டும்” என்றார். நம் தெருவில் சவூதியில் இருப்பவர்கள் உங்களோடு சேர்த்து மூன்று பேர். மற்ற இருவரும் போன பெருநாளுக்கு வந்துபோனார்கள். அவர்களில் ஒருவர் உங்கள் கம்பெனிக்காரர். உங்களைப் பற்றிக் கேட்டேன்; “இப்ப ரூம்ல இல்ல, தனியா வீடு எடுத்துட்டாரு” என்றவர், குடித்துக்கொண்டிருந்த டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

நேரலையில் அந்தக் கேள்வியைக் கேட்டது நான்தான் மச்சான். அண்ணனிடம் இல்லையென்று சொல்லிவிட்டு, அந்தப் பொய்க்கு அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டேன். உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன்.

பதிலை வீட்டுக்கு அனுப்ப வேண்டாம். என்னோடு வேலை செய்யும் ரேவதியின் ஓசூர் முகவரியை உறையின் பின்புறம் எழுதியிருக்கிறேன். வர முடியாதென்றால் காரணத்தை உங்கள் கையால் எழுதுங்கள். எதுவானாலும் அதை அண்ணன் வாயிலிருந்து நான் கேட்கும்படி செய்துவிடாதீர்கள்.

அல்லாஹ் உங்களையும், அங்கே உங்கள் வீட்டில் உங்களோடு இருப்பவர்களையும் நல்லபடியாக வைக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி
ஷாகிரா