மூன்று என்று சொன்னவளுக்கு

என் உயிரான ஸ்டெல்லா அக்காவுக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்க வழியில்லை. வயிறு எரிகிறது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

தலவாக்கலை மாதா கோயிலில் ஃபாதர் ஒரு பழைய கம்ப்யூட்டரை டிவியோடு பொருத்தி 'பேசிக்' என்ற கம்ப்யூட்டர் மொழியைச் சொல்லித் தந்தாரே, அங்கே நீதான் கெட்டிக்காரி. திரையில் மினுக்கும் கர்சர் எந்த இடத்தில் நிற்கிறது என்று மெஷினையே கேட்கலாம் என்று தேயிலைத் தோட்டத்தில் நம் லயத்து வீட்டுக்கு வந்து எனக்கும் விளக்குவாய். "அது நிக்கிற எடம் தெரிஞ்சா அடுப்பு எரியுமா?" என்பார் அப்பா. நீ சிரிப்பாய்.

பிறகு நுவரெலியாவில் அந்தக் கம்பெனி இன்டர்வியூ. வரியின் தொடக்கத்தில் மூன்று எழுத்து எழுதினால், கர்சர் நிற்கும் இடத்தை மெஷின் எத்தனை என்று சொல்லும்? நீ மூன்று என்றாய். அதிகாரி நான்கு என்றார். "ஒன்னு ரெண்டு எண்ணவே வரல, தோட்டத்துலயே இருந்திருக்கலாமே" என்று பக்கத்திலிருந்தவர்களைப் பார்த்துச் சிரித்தாராம்.

நீ அழக்கூட இல்லை. "எனக்கு மண்டையில ஒன்னுமில்லடி" என்றாய். மறுவாரமே கொழுந்து பறிக்க, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் போய் நின்றாய். ஃபாதர் ஆள் அனுப்பியும் கோயில் பக்கம் தலைகாட்டவில்லை.

அந்த மலையில்தான் குளவிக்கூடு கலைந்தது. முதுகில் கூடையோடு எவ்வளவு தூரம் ஓடுவாய்? ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக லொறி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

இப்போது நான் ஹட்டனில் கம்ப்யூட்டர் படிக்கிறேன். போன வாரம் அந்தக் கேள்வியைப் புது மெஷினில் போட்டுப் பார்த்தேன். நான்கு என்றது. மனசு கேட்கவில்லை, கோயிலுக்கு ஓடிப்போய் பழைய மெஷினில் போட்டேன். மூன்று! பழையது முதல் இடத்தைப் பூச்சியம் என்று எண்ணுகிறது, புதியது ஒன்று என்று எண்ணுகிறது. அவ்வளவுதான் அக்கா. நீ படித்த மெஷினுக்கு நீ சொன்னதுதான் சரி. அந்த அரைகுறைக்குத் தன் மெஷினைத் தவிர வேறொன்றும் தெரியாது. இதை உயிரோடிருந்த உனக்குச் சொல்ல ஒரு நாதியில்லாமல் போனதே!

அந்த அதிகாரியை மன்னித்துவிடு என்கிறார் ஃபாதர். எப்படி முடியும்?

அதே கம்பெனி என்னையும் இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டிருக்கிறது. வரும் திங்கட்கிழமை. "வாய அடக்கிக்கிட்டு, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லிட்டு வா தாயி" என்கிறார் அப்பா. அவருக்கு இந்த வேலைதான் கடைசி நம்பிக்கை.

அந்த ஆள் அதே கேள்வியைக் கேட்டால், "எந்த மெஷின்ல, சார்?" என்று திருப்பிக் கேட்பேன். கேட்காவிட்டாலும் விடமாட்டேன். வேலை போனால் போகட்டும். ஸ்டெல்லா சொன்னது சரி என்று அவர் வாயால் சொல்லும்வரை அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன். இது உன்மேல் சத்தியம்.

உன் கூடப்பிறந்த தங்கச்சி,
ரீட்டா