எந்த வெட்டு, மச்சான்?

மச்சான்,

வேனை இரண்டு தரம் கழுவிவிட்டேன், இன்னும் மணக்கிறது. ஆற்றில் மிதந்து அழுகின ஆற்றுவாழையும் உப்பும் சேர்ந்த சேற்று மணம். சீற்றுக்கு அடியில், கதவு இடுக்கில், மிதிபலகையில் எல்லாம் இறங்கிப்போய்க் கிடக்கிறது. சவர்க்காரம் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. தேய்த்துக் களைத்து, வாளியைக் கவிழ்த்து அதன்மேல் இருந்துகொண்டு இதை எழுதுகிறேன்.

களியோடை முகத்துவாரத்துக்குப் போய்விட்டு வந்திருக்கிறேன். நீ மௌத்தாகின இடத்துக்கு. உன்னை அடக்கி இவ்வளவு காலத்துக்குப் பிறகு, இன்றைக்குத்தான் முதல் தடவை.

எனக்குக் கடிதம் எழுத வராது. பள்ளிக்கூடத்தில் அதைப் பழக்கினார்கள், அதற்குள் நான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். அதனால் சுற்றிவளைக்காமல் கேட்கிறேன். அன்றைக்கு நீ "நாளைக்கு வெட்டு" என்று சொன்னாயே, எந்த வெட்டு? வயல் வெட்டா, முகத்துவார வெட்டா? நீ போனதிலிருந்து இந்த ஒன்றுதான் என் மண்டைக்குள் கிடந்து உருளுகிறது.

நம்முடைய தொழிலே அப்படித்தானே இருந்தது. நாம் சொல்வது ஒன்று, கேட்கிறவனுக்கு விளங்குவது இன்னொன்று. உன் மூத்த காக்கா சவூதியிலிருந்து அனுப்பின காசில் வாங்கின பழைய வேன். அதில் கல்யாண ஹயர் ஓடப்போகிறோம் என்றுதான் கல்முனையில் எல்லாரும் நினைத்தார்கள். நீதான் வேறு கதை கதைத்தாய். "வெளியூர் ஆக்களுக்கு நம்மட பக்கத்தக் காட்டுவம் மச்சான். ஒவ்வொரு மாசத்துக்கும் ஒவ்வொண்டு கிடக்கு. நாமதான் சும்மா பாத்துக்கிட்டு இரிக்கம்."

அட்டாளைச்சேனையில் வாத்தியார் பயிற்சிக்கு வந்து கிடந்த மலைநாட்டுப் பொடியன்மார் நமக்கு வாய்த்தார்கள். லீவு நாளில் எங்கே போவது என்று தெரியாமல் விடுதிச் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தவர்கள். அக்குறணை றிஸ்வானிடம் நீ முதன்முதலில் போய்க் கேட்டது நினைவிருக்கா? "கச்சானுக்கு எல்லாரும் பொத்துவில் போவம், வாறீங்களா?"

அவன் முழித்தான். "கச்சானுக்கா? அது எங்கட பஸ் ஸ்டாண்ட்லயே விக்கிறாங்களே நானா. அதுக்கு ஏன் பொத்துவில்?"

நீ றோட்டிலேயே குந்தியிருந்து சிரித்தாய். நமக்குக் கச்சான் என்றால் சித்திரைக்குப் பிறகு மேற்கே இருந்து வீசுகிற காய்ந்த காற்று. அந்தக் காலத்தில்தான் அறுகம்குடாவில் அலை எழும்பும், வெள்ளைக்காரர் பலகையோடு வந்து இறங்குவார்கள். அவனுக்குக் கச்சான் என்றால் வறுத்த நிலக்கடலை. பொத்துவில் போய்த் திரும்பும்வரை அவன் உன்னைக் கச்சான் நானா என்றே கூப்பிட்டான். நீயும் வழியில் நிறுத்தி அவனுக்கு ஒரு சுருள் கடலை வாங்கிக் கொடுத்தாய்.

அங்கே பிடித்த ஒரு வெள்ளைக்காரனுக்கு ஒடுக்கத்துப் புதனை விளக்கப் போனது அதைவிடப் பெரிய கூத்து. சபர் மாதத்துக் கடைசிப் புதன், ஊர்ச் சனம் முழுக்க, பெண்களும் பிள்ளைகளுமாகக் கடற்கரைக்கு இறங்குகிற நாள், கட்டாயம் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டாய். அவன் திகதி கேட்டான். போன வருடம் தையில் வந்தது, இனி மார்கழிக்குப் போகும் என்றாய். ஒரு இடத்தில் நிற்காதா என்று கேட்டான். உனக்கு இங்கிலீசு அவ்வளவுதான். "மூன், மூன்" என்று வானத்தைக் காட்டினாய். உச்சி வெயில். அவன் கண்ணைக் கூசிக்கொண்டு மேலே பார்த்தான், பிறகு உன்னைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான்.

"சொல்லன்டா, இவனுக்கு விளங்கல்ல" என்றாய்.

"எனக்கும்தான் விளங்கல்ல" என்றேன்.

கோடையில் குளம் வற்றுகிற நேரம் அம்பாறைப் பக்கம் போய், பொழுது சாய யானை தண்ணிக்கு இறங்குவதைக் காட்டினோம். ஆடியில் கதிர்காமத்துக்கு நடந்து போகிற சனத்துக்குப் பின்னால் பாணமை வரைக்கும் வேனை மெல்ல உருட்டினோம். அதெல்லாம் சண்டை இல்லாமல் நடந்தது. தை வந்தால்தான் நமக்குள் கொளுவல்.

எனக்கு வயல் வெட்டு. வாப்பாவின் சவளக்கடை வயலில் பொடியன்மாரை இறக்கி, கையில் தாக்கத்தியைக் கொடுத்து ஆளுக்கு நாலு பிடி கதிர் வெட்டவிடுவேன். பிறகு வயல் வாடியில் இருத்தி, ஆற்று மீன் ஆணத்தோடு சோறு. ஊருக்குப் போய் ஒரு மாதம் அந்தச் சோற்றைப் பற்றியே கதைப்பார்கள். உனக்கு முகத்துவார வெட்டு. மாரி மழையில் ஆறு முட்டிப்போய்க் கிடக்கும், கடலுக்குப் போகிற வாயை மணல் அடைத்திருக்கும். வயல் மூழ்காமல் இருக்க விவசாயிகள் மண்வெட்டியோடு போய் அந்த மணலை வெட்டி ஆற்றைக் கடலுக்குள் திறந்துவிடுவார்கள். சின்ன வயதிலிருந்து அதைப் பார்க்க நீ ஓடுவாய். நான் ஒரு நாளும் வந்ததில்லை.

"மண்ணு வெட்டுறதப் பாக்க எவன்டா காசு குடுப்பான்?"

"வந்து பாத்தாத்தான் தெரியும். ஆறு எழும்பி நடக்கும் மச்சான்."

"ஆறு நடந்தா எனக்கென்ன? அங்க சோறு இரிக்கா?"

"உனக்கு வெட்டெண்டா வயிறுதான்டா."

"உனக்கு வெட்டெண்டா விசர்."

நீ போன அந்த வருடம் இரண்டும் ஒரே நேரத்தில் வந்து தொலைந்தது. மார்கழியில் வெட்டின வாயை மணல் மறுபடி மூடிவிட்டது. தை முடிகிற நேரம் பின்மழை கொட்டியது. நிந்தவூர், ஒலுவில் பக்கத்துப் பள்ளக் காணியெல்லாம் விளைந்த கதிரோடு தண்ணீருக்குள் நின்றது. எங்கள் சவளக்கடை வயல் கொஞ்சம் மேடு. மழை விட்ட இடைவெளியில் வெட்டி எடுத்துவிட வேண்டும் என்று வாப்பா துடித்துக்கொண்டு நின்றார்.

வேன் சாவியை என் கையில் தந்துவிட்டு பஸ்ஸில் ஏறும்போது நீ சொன்னாய்: "நான் இண்டைக்கு அட்டாளைச்சேனையில மாமி வீட்ட நிக்கிறன். நாளைக்கு வெட்டு. பொடியன்மாரோட நேர வாறன், நீ வேனக் கொண்டு வந்திடு."

"சோறு?"

"ஓம், சோறும் கொண்டு வா. மறந்து கிறந்து போயிடாத."

பஸ் எடுத்துவிட்டான். அவ்வளவுதான் நாம் கடைசியாகக் கதைத்தது. எந்த வெட்டு என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. உனக்கும் சொல்லத் தோன்றவில்லை. இரண்டு பேருக்கும் அவ்வளவு நிச்சயம்.

சுபஹு தொழுகை முடிந்த கையோடு நான் புறப்பட்டுவிட்டேன். கிட்டங்கித் தாம்போதிப் பாதையில் தண்ணீர் ஏறியிருந்தது, சில்லு நனைய நனைய ஓட்டிக்கொண்டு போனேன். வாடியில் சோற்றுப் பானையை வைத்துவிட்டு உன்னையும் பொடியன்மாரையும் பார்த்துக்கொண்டு நின்றேன். வெட்டுக்காரர் ஒரு வரவை வயலை முடித்து அடுத்த வரவைக்கு இறங்கினார்கள்.

"எங்கடா உன்ட கூட்டாளி?" என்று வாப்பா கேட்டார்.

"வருவான்."

"வந்தா வரட்டும். நீ தாக்கத்திய எடு."

வெட்டினேன். உன்னை ஏசி ஏசி வெட்டினேன். ஆணம் ஆறி ஆடை படர்ந்தது. பின்னேரம் அஸருக்குத் திரும்பி வந்தால் உன் வீட்டு வாசலில் சனம். ஆணத்துச் சட்டியைக் கையில் வைத்துக்கொண்டே இறங்கி உள்ளே போனேன். உன் உம்மா என்னைக் கண்டதும் எழும்பி வந்தா.

"நீ எங்க மகன் நிண்டாய்?"

"வெட்டுக்குப் போனன் மாமி."

"அவனும் வெட்டுக்குத்தானே போனான்."

திரும்பத் திரும்ப அதையே சொன்னா. என்னைக் குற்றம் சொல்லவில்லை. அவவுக்கு விளங்கவில்லை, எனக்கும் விளங்கவில்லை. சட்டியை யாரோ கையிலிருந்து வாங்கினார்கள்.

நீ முகத்துவாரத்தின் தெற்குக் கரையில் பொடியன்மாரோடு நின்றிருக்கிறாய். கல்முனையிலிருந்து போகிற வேன் வடக்குக் கரைக்குத்தான் வரும். நடுவில் புதிதாக வெட்டின வாய். நீ அந்த ஓட்டத்துக்குள் போயிருக்கிறாய். ஏன் என்று கேட்டு அலைந்தேன். றிஸ்வான் ஜனாஸாவில் அழுதுகொண்டு சொன்னான்: "'வேன் அங்கால கரைக்கு வந்திருக்கும், பாத்துட்டு வாறன்'னு சொல்லிட்டுத்தான் இறங்கினார் நானா." அவனுக்குப் பக்கத்தில் நின்றவன் தலையை ஆட்டினான். "இல்ல, ஒண்ணுமே சொல்லல்ல. சிரிச்சிக்கிட்டே இறங்கினார்." உன்னைத் தூக்கியெடுத்த ஒலுவில் மீன்காரரைத் தேடிப் போனேன். அவர் வலையிலிருந்து கையை எடுக்காமல், "ரெண்டுமில்ல தம்பி. அவன் இறங்கவே இல்ல. நிண்ட கரை சரிஞ்சி போச்சி" என்றார்.

ஒரு கரை, ஒரு நேரம், மூன்று கதை. நான் எதை எடுக்க?

சில நாள் இப்படி யோசிப்பேன்: நீ பஸ் ஏறினபோது முகத்துவாரம் வெட்டுகிற கதை ஊரில் இல்லை, காலையில்தான் பள்ளிவாசல் ஸ்பீக்கரில் சொன்னார்கள். அப்படியென்றால் நீ சொன்னது வயலை. காலையில் ஸ்பீக்கரைக் கேட்டதும் உனக்கு விசர் ஏறி அங்கே ஓடியிருக்கிறாய், நானும் கேட்டிருப்பேன், வருவேன் என்று நினைத்திருக்கிறாய். இது சரி என்று படுத்தால், அட்டாளைச்சேனையில் முதல் நாள் அஸருக்கே எல்லாருக்கும் தெரியும் என்று எவனாவது வந்து சொல்வான். அப்படியென்றால் நீ சொன்னது முகத்துவாரத்தை. ஒரு நாளும் அங்கே வராத என்னை எதற்கடா வரச் சொன்னாய்? அதுவும் சோற்றோடு? எனக்குக் காட்ட வேண்டும் என்றா? அப்படி நினைத்தால் அன்றைக்கு உன்னை ஏசினதெல்லாம் என்மேலேயே திரும்புகிறது. மற்றப் பக்கம் நினைத்தால் உன்மேல் கோபம் வருகிறது. இரண்டையும் ஒரே நேரத்தில் வைத்துக்கொண்டு சோறு தின்னவும் முடியவில்லை.

வேனை நான்தான் இன்னும் ஓட்டுகிறேன். கச்சானுக்குப் பொத்துவில், கோடைக்கு யானை, தைக்கு வயல். முகத்துவாரம் மட்டும் இல்லை. இந்த முறை பயிற்சிக்கு வந்ததுகளில் மாவனல்லைப் பொடியன் ஒருத்தன், தென்னை மாதிரி உயரம். நேற்று வந்து பிடித்தான்.

"நானா, முகத்துவாரம் வெட்டுறாங்களாம். அதக் காட்டுங்களே."

"அதில ஒண்டுமில்ல. மண்ணு வெட்டுவானுகள்."

"பரவாயில்ல நானா. நாங்க மண்ணு வெட்டுறதயும் பாத்ததில்ல."

சிரிப்பு வந்துவிட்டது. வந்த சிரிப்பை விழுங்க முடியாமல் ஓம் என்றுவிட்டேன்.

போய் இறங்கினதும் எல்லாரையும் தாழம்பற்றை மேட்டில் நிறுத்தினேன். "இதுக்கு அங்கால எவனாவது கால் வச்சா, விடுதிக்கு நடந்துதான் போவணும்." கீழே, வயல் தண்ணீருக்குப் பொறுப்பான வட்டவிதானை கம்பை வீசிக்கொண்டு, "கரையில நிக்காத! பின்னுக்குப் போ, பின்னுக்குப் போ!" என்று சனத்தைக் கலைத்துக்கொண்டு நின்றார். வெட்டுக்காரர் இடுப்பளவு வாய்க்காலுக்குள் நின்று மணலை வீசினார்கள். கடைசி மண்ணைப் பிஸ்மி சொல்லி வெட்டிவிட்டு மேலே பாய்ந்து ஏறினார்கள்.

தண்ணீர் நூல் மாதிரிப் போனது. இதற்கா, இந்த நூலுக்கா நீ போனாய் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேனைத் திருப்புவோம் என்று பொடியன்மாரைப் பார்க்கத் திரும்பினேன். அவர்கள் என்னைப் பார்க்கவில்லை, வாய் திறந்தபடி அங்கேயே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நானும் பார்த்தேன். நூல் கயிறாகி, கயிறு வாய்க்காலாகி, இரண்டு பக்கக் கரையும் தேத்தண்ணியில் ஊறின பாண் துண்டு மாதிரிப் பிளந்து பிளந்து விழுந்தது. பின்னால் தூங்கிக் கிடந்த ஆறு முழுக்க ஒரேயடியாகத் திரும்பியது. ஆற்றுவாழை ஊதாப் பூவோடு கூட்டங்கூட்டமாக ஓடி வந்தது. கடலுக்குள் அது போய் விழுந்த இடத்தில் அலை பின்னுக்குப் போனது, மச்சான். கடல் பின்னுக்குப் போனதை நான் பார்த்தேன். சனம் கத்தியது. எல்லாச் சத்தத்துக்கும் மேலே ஒரு சத்தம் என் காதுக்குள்ளேயே கேட்டது. அது என்னுடைய சத்தம்.

"நானா! நானா!"

மாவனல்லைப் பொடியன் பின்னாலிருந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தான். "எங்களுக்குச் சொல்லிட்டு நீங்க எங்க போறீங்க?"

குனிந்து பார்த்தேன். மேடு எங்கேயோ பின்னால் இருந்தது. சாரன் முழங்கால் வரை நனைந்து காலில் ஒட்டியிருந்தது. இறங்கினது எனக்குத் தெரியாது. அங்கால் கரையில் எனக்கு வேன் இல்லை, கூட்டாளி இல்லை, ஒரு வேலையும் இல்லை. வட்டவிதானை என் வாப்பாவையும் சேர்த்து ஏசிக்கொண்டு ஓடி வந்தார்.

"என்ன நானா, என்ன நடந்திச்சு?" என்று பொடியன் கேட்டான்.

"ஒண்டுமில்ல. சும்மா."

யாராவது உன்னைக் கேட்டிருந்தாலும் நீ அதைத்தான் சொல்லியிருப்பாயோ என்னவோ. வேனைத் தேடித்தான் நீ இறங்கினாய் என்று இனி என்னால் சத்தியம் பண்ண முடியாது. தேடவில்லை என்றும் முடியாது. எந்த வெட்டு என்றும் தெரியாது. ஆனால் அந்த இடத்தில் நிற்கிறவனைக் கேட்காமலே அவன் கால் போகும் என்பது தெரியும். அது எனக்கு ஆறுதலா பயமா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

வரும் வழியெல்லாம் பொடியன்மார் பின் சீற்றில் தட்டித் தட்டிப் பாடிக்கொண்டு வந்தார்கள். எனக்குக் கிளச்சில் வைத்த கால் நடுங்கிக்கொண்டே வந்தது. விடுதியில் அவர்களை இறக்கிவிட்டும் நடுக்கம் நிற்கவில்லை. கல்முனைக்கு வந்தும் நிற்கவில்லை. இப்போது ஒரு கையால் முழங்காலை அமத்திப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் எழுதுகிறேன், எழுத்து கோணிக்கொண்டு போகிறது.