நசீரின் குட்டை டிரைவர்

அன்பு மச்சான் நசீர்,

உன் குட்டை டிரைவர் பழனிவேலிடம் இருக்கிறது. நேற்று மாலை உன் வீட்டில் வைத்து உன் மனைவி மும்தாஜ் சொன்ன தகவல். ஞாயிற்றுக்கிழமையே பழனிவேலின் மட்டைப் பையில் அதன் கறுப்புத் தோல் உறையைப் பார்த்திருந்தேன். அது உன் பட்டறையில் தைத்தது, வேறு யாரிடமும் இருக்க வழியில்லை. இரண்டு இடத்தில் சரிபார்த்த பிறகுதான் எழுதுகிறேன்.

நீ எங்களை விட்டுப் போய் நான்கு மாதம் ஆகிறது. உனக்கு முதலில் சொல்ல வேண்டிய செய்தி இதுதானா என்று கேட்பாய். வேளச்சேரிக்குப் பறக்கும் ரயில் வந்துவிட்டது. உன் சின்ன மகள் கல்லூரியில் சேர்ந்துவிட்டாள். அதையெல்லாம் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த உறையைப் பார்த்த நாளிலிருந்து எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். கோல்ஃப் ஆட்டத்தில் முதல் அடியைத் தொலைவுக்கு அனுப்பும் மட்டைதான் டிரைவர். ஆண்டுக்கு ஆண்டு அதன் தலை பெருத்துக்கொண்டும் தண்டு நீண்டுகொண்டும் வந்த நேரத்தில், நீ ஒரு பழைய சிறு தலை மட்டையைத் தேடி வாங்கினாய். தண்டிலும் இரண்டு அங்குலம் வெட்டினாய். உன் பந்து என் பந்தைவிட இருபது கஜம் குறைவாகத்தான் போகும். ஆனால் ஒவ்வொரு முறையும் நடுப் புல்வெளியில் கிடக்கும்.

பள்ளிக்கரணைப் பக்கத்துப் பயிற்சித் திடல் நினைவிருக்கிறதா? என்னுடையது புது டிரைவர், தலை ஒரு சின்னத் தேங்காய் அளவு. அடித்தால் பந்து வானத்துக்குப் போய், வலது பக்கம் வளைந்து, வேலியைத் தாண்டிச் சதுப்பில் விழும். நீ பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பாய்.

“இன்னா மச்சான், நாரைக்குத் தீனி போட்டுகினு கீற?”

“தூரம் பார்த்தியாடா? அதைப் பேசு.”

“தூரமாத்தான் போச்சு. போய் எடுத்துகினு வா, பார்க்கலாம்.”

பொழிச்சலூரிலிருந்து வரும் பழனிவேல், வங்கி அதிகாரி, அதிர்ந்து பேசாத மனிதர், அவர்கூடச் சிரித்துவிடுவார். நானும் சிரிப்பேன். உள்ளே எரியும். பத்திரிகையில் விளையாட்டுப் பக்கத்துக்கு இருபத்தைந்து வருடம் எழுதியவன் நான். உனக்கு இந்த ஆட்டத்தின் விதிகளைச் சொல்லிக் கொடுத்தவனும் நான்தான். என்னை ஒரு தோல் வியாபாரி, அதுவும் தண்டை வெட்டிய மட்டையால் ஜெயிப்பதா?

உன்னிடம் நான் சொல்லாத ஒன்று இருந்தது. ஒரு நாள் நீ அஸர் தொழப் போயிருந்தபோது உன் டிரைவரை எடுத்து என் குடையோடு ஒட்டி வைத்தேன். குடையைவிட அது எவ்வளவு நீளம் என்று விரலால் அளந்து குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். மறுநாளே பம்மலில் ஒரு பட்டறையில் என் மட்டையை அதே அளவுக்கு வெட்டிவிட்டேன்.

நீளம் சரியாக வந்தது. வீச்சு வரவில்லை. வீசும்போது தலை எங்கே இருக்கிறது என்றே கைக்குத் தெரியவில்லை. பந்து இப்போது இடது பக்கமும் போக ஆரம்பித்தது. மட்டையைப் பரணில் போட்டுவிட்டு, அதை விற்றுவிட்டதாக உன்னிடம் சொன்னேன். நீ “நல்லது” என்று மட்டும் சொன்னாய்.

நேற்று மும்தாஜிடம் நேராகவே கேட்டுவிட்டேன். “அது எனக்குத்தான் வரும்னு நினைச்சேன்மா. பழனிவேல் சாருக்கு ஏன் குடுத்தீங்க?”

“அவர் வந்து கேட்டார்ணா. நாப்பதாம் நாள் ஃபாத்திஹா முடிஞ்சு எல்லாரும் கிளம்பினப்புறம் வாசல்லயே நின்னு, ‘அந்த மட்டை எனக்கு வேணும்மா’ன்னு கேட்டார். நீங்க கேக்கவே இல்லையே.”

“நீங்களா குடுப்பீங்கன்னு இருந்தேன்.”

மும்தாஜ் சொன்னாள்: “நீங்க மட்டையை வெட்டுனது எங்க வீட்டுக்காரருக்குத் தெரியும்ணா. அந்தப் பட்டறைக்காரர் எங்க மெஷினுக்கும் வேலை பார்க்கிறவர்தான். ‘வெட்டுனா தலை லேசாயிடும், அடியில ஈயப் பட்டை ஒட்டணும், அது தெரியாம விட்டுட்டான்’னு இவர் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். நீங்களே போய்ச் சொல்லுங்களேன்னேன். ‘அவன் கேக்கட்டும், ஒரு நிமிஷத்துல சொல்றேன். ஆனா கேக்க மாட்டான்’ன்னார்.”

ஊரில் உள்ள எல்லோரிடமும் கேள்வி கேட்டுச் சம்பளம் வாங்கியவன் நான். உன்னிடம் அந்த ஒரு கேள்வியை ஏன் கேட்கவில்லை? நீதான் ஏன் அத்தனை நாள் காத்திருந்தாய்? என் மேல் உனக்கும் ஏதாவது இருந்ததா, மச்சான்? இதை எங்கே போய்ச் சரிபார்ப்பது?

இன்று காலை பழனிவேலுக்கு போன் செய்தேன். சுற்றி வளைக்கவில்லை.

“சார், நசீரோட டிரைவரை எனக்குக் குடுத்துடுவீங்களா?”

“குடுக்க மாட்டேன் சார். தப்பா நினைக்காதீங்க. எனக்கு அவர் ஞாபகமா இருக்கறது அது ஒண்ணுதான்.”

“சரி சார்.”

“ஆனா ஈயம் எங்க ஒட்டணும், எவ்வளவு ஒட்டணும்னு பாய் எனக்குக் காட்டியிருக்கார். உங்க மட்டையைக் கொண்டாங்க, நான் ஒட்டித் தரேன்.”

“எந்த மட்டை?”

“பரண்ல இருக்கறது.”

ஆக, நான் அதை விற்கவில்லை என்பதும் உனக்குத் தெரிந்திருக்கிறது, அவரிடமும் சொல்லியிருக்கிறாய்; எனக்கு மட்டும்தான் அது ரகசியம். கேட்டதால் பழனிவேலுக்குக் கிடைத்தது, கேட்காததால் எனக்குக் கிடைக்காமல் போனது. இது புரிகிறது. புரிந்தும், அவர் விரல் பிடித்து நீ அந்த இடத்தைக் காட்டியிருப்பாய் என்று நினைக்கும்போது எரிகிறது. பொறாமை போய்விட்டது என்று எழுதினால் அது பொய்ச் செய்தி.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்குத் திடலில் அவரைப் பார்க்கிறேன். ஈயம் ஒட்டிய பிறகு என் பந்து நேராகப் போகுமா என்பது அன்று தெரியும். சதுப்பில் விழுந்தாலும் உள்ளதை உள்ளபடி உனக்கு எழுதுகிறேன். இது சத்தியம்.

மும்தாஜ் என்னை அண்ணா என்று கூப்பிடும் உரிமையில்,
உன் மச்சான்
ரகுநாதன், செம்பாக்கம்